துப்பாக்கிக்கும் மூன்று கால் வேண்டும்

1860-ஆம் வருடம் ஜூலை 2-ஆம் தேதி. லண்டனை அடுத்த விம்பிள்டன் மைதானத்தில் துப்பாக்கி சுடும் போட்டியைத் தொடங்கி வைக்க விக்டோரியா மகாராணி வந்தார். விட்வொர்த் என்ற பொறியாளர் செய்த துப்பாக்கி தயாராக இருந்தது. ராணி அதைத் தோளில் வைத்துச் சுடவில்லை. ஓர் இரும்புத் தாங்கியில் பூட்டி, முன்கூட்டியே குறியும் வைத்துவிட்டார்கள். விசையில் கட்டியிருந்த பட்டுக் கயிற்றை ராணி இழுத்தார், அவ்வளவுதான். 400 கஜத்துக்கு அப்பால் இருந்த இலக்கில், நடுப்புள்ளியிலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் குண்டு போய்த் தைத்தது. பெயர் ராணிக்குப் போனது. வேலை செய்தது தாங்கி.

நில அளவைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் சங்கிலியும் ஸ்டாண்டுமாகக் காடு மேடு அலைந்தவன் என்பதால், இந்த மாதிரிச் செய்தியைப் படித்தால் குழலை விட்டுவிட்டுக் காலைத்தான் பார்ப்பேன். துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறவர்கள் குழல், மருந்து, குண்டு என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அது எதன்மேல் நின்றது என்று பெரும்பாலும் எழுத மாட்டார்கள். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கணக்கு எளிதுதான். ஒரு மீட்டர் நீளமுள்ள துப்பாக்கியின் முனை ஒரு மில்லிமீட்டர் அசைந்தால், 400 கஜ தூரத்தில் குண்டு ஓரடிக்கு மேல் விலகிப் போகும். மனிதனுடைய நாடித் துடிப்பு ஒன்றே அந்த ஒரு மில்லிமீட்டரை அசைத்துவிடும், மூச்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: படுத்துக்கொண்டு, மணல் மூட்டையில் கையை ஊன்றி, பாதி மூச்சை விட்டு நிறுத்திச் சுடச் சொல்வார்கள். அந்த மணல் மூட்டையை எடுத்துவிட்டால் எங்களில் பாதிப் பேருடைய குண்டு அட்டையில்கூடப் படாது.

நல்ல குழல் செய்யக் கற்ற நாளிலிருந்தே, அதை எதன்மேல் வைப்பது என்ற கவலையும் மனிதனுக்கு வந்துவிட்டது. நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பியச் சிப்பாய் கனத்த துப்பாக்கியோடு நுனி பிளந்த ஒரு கம்பையும் தூக்கிக்கொண்டு நடந்தான். திபெத்தியர்கள் துப்பாக்கியின் முன்பகுதியிலேயே இரண்டு நீளக் கால்களைக் கோத்து, முனையில் மான் கொம்பு பூட்டிக்கொண்டார்கள். 1903-04-இல் யங்ஹஸ்பண்டின் படை லாசாவுக்குப் போனபோது எதிரே நின்றவர்கள் கையில் இருந்தவை இப்படிக் கால் முளைத்த துப்பாக்கிகள்தாம். முகலாய வேட்டை ஓவியங்களில் வேறொரு வழி: பணியாள் முன்னால் உட்கார்ந்திருப்பான், அவன் தோள்தான் தாங்கி. அக்பர் 1568-இல் சித்தூர் முற்றுகையில் 'சங்கிராம்' என்ற தன் துப்பாக்கியால் ஜெய்மாலைச் சுட்டதை அபுல் ஃபசல் பெருமையாக எழுதியிருக்கிறார். துப்பாக்கிக்குப் பெயர் வைத்து எழுதியவர்கள், தோள் கொடுத்தவன் காது என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

பிளந்த கம்பு நமக்குப் புதிதில்லை. ஆயக்குடிக்காரர்களுக்குக் கவையைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையே இல்லை. கொய்யாத் தோப்பில் வளர்ந்த எந்தப் பையனும் கவட்டைக்கு எந்தக் கிளை ஆகும், எது முறியும் என்று கண்ணால் பார்த்தே சொல்வான். காய்த்துத் தாழ்ந்த கிளைக்கு முட்டுக் கொடுக்கும் கம்பும் அதே கவைதான். ஒற்றைக் கவை கனத்தைத் தாங்கும். ஆனால் பக்கவாட்டில் ஆடும். அந்த ஆட்டத்தை நிறுத்த இன்னும் இரண்டு கால் வேண்டும்.

நம் ஊர்ப் பழைய கதைக்கு வருகிறேன். ஆயக்குடி ஒரு பாளையம். பக்கத்திலேயே நெய்க்காரப்பட்டி, விருப்பாட்சி, இடையகோட்டை என்று பழனியைச் சுற்றிப் பாளையங்கள். 1755-இல் ஹைதர் அலி மைசூரின் ஃபௌஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்ததிலிருந்து, 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை கம்பெனிக்குக் கைமாறும் வரை, இந்தப் பகுதி ஆயுதங்களுக்கு நடுவிலேதான் வாழ்ந்தது. பாளையத்து வீரர்களிடம் இருந்தவை வேல், வளரி, திரித்துப்பாக்கி. கயிற்றுத் திரியில் நெருப்பு வைத்துக்கொண்டு சுடுவது அது. 1801-இல் பாளையக்காரர்களை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி, அவர்களுடைய நீண்ட வேல்களையும் திரித்துப்பாக்கிகளையும் பற்றித் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். வளரி வீசத் தனக்குக் கற்றுத் தந்தவர் சின்ன மருது என்றும் சொல்கிறார். எதிரியாகப் பின்னால் நின்ற ஒருவர் அப்படி எழுதுவதற்கு மனசு வேண்டும்.

அந்தக் காலத்து இந்தியக் கோட்டைகளில் 'ஜஞ்சால்' என்று ஒரு வகை உண்டு. பெரிய துப்பாக்கி என்றும் சொல்லலாம், சின்னப் பீரங்கி என்றும் சொல்லலாம். ஆள் உயரத்துக்கு மேல் குழல், நெல்லிக்காய் அளவில் குண்டு. இதைத் தோளில் வைத்துச் சுட்டால் தோள் மிஞ்சாது. கோட்டைச் சுவரில் பதித்த முளையிலோ, இரும்புக் கவையிலோ, தரையில் ஊன்றிய முக்காலியிலோ வைத்துத் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள். தூரத்தில் நிற்பவனைக் குறி பார்த்து அடிக்க அன்றைக்கு இருந்த நம்பகமான வழி இதுதான். சாதாரணத் திரித்துப்பாக்கிக்கும் ஜஞ்சாலுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, கால் இருப்பதும் இல்லாததும்தான் என்பது என் எண்ணம்.

1801-இல் எல்லாம் முடிந்தது. விருப்பாட்சி கோபால் நாயக்கரைத் தூக்கிலிட்டார்கள். அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். நவம்பரில் ஊமைத்துரை. டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவின் பிரகடனம் வந்தது: இனி பாளையங்களில் ஆயுதம் கூடாது. வேலும் துப்பாக்கியும் வாங்கிக் குவிக்கப்பட்டன, கோட்டைகள் இடிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக ஆயுதத்தால் காவல் கூலி வாங்கிப் பிழைத்த குடும்பங்கள் அன்றைக்கு என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். சிலருக்கு ஏர் கிடைத்தது, பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

அதற்கு நாலு மாதம் கழித்துத்தான், 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி, சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளம், ஐம்பத்தேழு நாள். லாம்டனும் போர்க்காரர்தான். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் இருந்தவர். துப்பாக்கியின் கால்களைப் பிடுங்கிப் போட்ட அதே மண்ணில், இன்னொரு கருவியின் கால்களை ஊன்றினார்கள். இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நம் நிலவரி வரலாற்றை எழுதுகிறவர்கள் எதையோ விட்டுவிடுகிறார்கள்.

லாம்டனின் தியோடலைட் அரை டன் எடை. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீசியசுக்குக் கொண்டு போனார்கள். என்ன கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி அதன் வட்டம் நெளிந்து போனது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு ஆறு வாரம் உட்கார்ந்து தன் கையாலேயே அதைச் சரிசெய்தார். அவ்வளவு பாடு எதற்கு? முப்பது மைல் தூரத்தில் இருக்கும் கொடியைப் பார்க்கும்போது கோணத்தில் ஒரே ஒரு செகண்டு தவறினால், அங்கே ஒன்பது அங்குலம் தவறும். துப்பாக்கிக்காரனும் இதே டிகிரி, மினிட் கணக்கில்தான் பேசுவான். 100 கஜத்தில் ஒரு மினிட் என்றால் ஏறக்குறைய ஓர் அங்குலம். கருவி வேறு, கவலை ஒன்று.

நம் தலைக்கு மேலே நிற்கும் பழனி மலைக்கு 1821-இல் பி. எஸ். வார்டு என்ற லெப்டினன்ட் அளக்க ஏறினார். ஆயக்குடியிலிருந்து தெற்கே நிமிர்ந்தால் தெரிகிற மலைதான். கொடைக்கானல் என்ற ஊர் அப்போது வரவில்லை. அந்தச் சரிவில் முக்காலியை நிறுத்துவது என்ன பாடு என்று அந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும். மேட்டுப் பக்கம் ஒரு கால், பள்ளத்துப் பக்கம் இரண்டு கால். மாற்றி வைத்தால் காற்று அடிக்கும்போது கருவி பள்ளத்தில் கிடக்கும். சுமந்து ஏறிய கூலிக்காரர்களின் பெயர் ஒன்றும் வரைபடத்தில் இல்லை.

போர்க்களத்தில் முக்காலி திரும்ப வந்தது இயந்திரத் துப்பாக்கியோடு. 1912-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட விக்கர்ஸ் துப்பாக்கி சுமார் 15 கிலோ. அதன் முக்காலியோ சுமார் 20 கிலோ. தாங்குவது தாங்கப்படுவதைவிடக் கனம்! இரண்டு உலகப் போர்களிலும் நம் இந்தியச் சிப்பாய்களும் இதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தக் கணக்கு வீண் கணக்கு இல்லை. கால் கனமாக இருந்தால்தான் சுடும் உதைப்பில் குழல் இடம் மாறாது.

இங்கிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1966-இல் தொடங்கியது. அங்கே செய்யும் 'வித்வம்சக்' என்ற நெடுந்தூரத் துப்பாக்கி சுமார் 25 கிலோ. ஜஞ்சாலின் பேரன் என்றே சொல்லலாம். முன்னால் இரண்டு கால்தான் இருக்கிறது. மூன்றாவது கால் எங்கே என்றால், பின்கட்டையும் அதைப் பிடித்துப் படுத்திருப்பவன் தோளும்தான். இரண்டு கால் போதும் என்கிற எல்லா இடத்திலும் மூன்றாவது காலாக ஒரு மனிதன் ஒளிந்திருப்பான். ஒலிம்பிக் போட்டியில் ஏர் ரைபிள் சுடுகிறவர்களுக்கு அந்த வசதியும் கிடையாது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் நின்றுகொண்டேதான் சுடுகிறார். தன் இடுப்பையும் எலும்பையும் தாங்கியாக்கிக்கொள்ள எத்தனை வருடப் பயிற்சி வேண்டுமோ!

ஏன் மூன்று, நான்கு ஏன் இல்லை என்று கேட்பவர்கள் வீட்டில் ஆடும் நாற்காலிக்குக் காகிதம் மடித்து வைத்தவர்களாகத்தான் இருப்பார்கள். மேடு பள்ளத் தரையில் நான்காவது கால் அந்தரத்தில் நிற்கும். மூன்று கால் எந்தத் தரையிலும் ஒரேயடியாக உட்கார்ந்துவிடும். நம் பெண்கள் வயல்வெளியில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியது இதே கணக்கில்தான்.

நல்ல முக்காலியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், அதன்மேல் வைப்பது துப்பாக்கியோ தியோடலைட்டோ கேமராவோ, என் பதில் ஒன்றுதான். கடையில் விரித்து வைத்து, தலைப்பகுதியைப் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள். கால் வளைவதைவிட மூட்டு நெகிழ்வதில்தான் ஆட்டம் அதிகம். காலை எத்தனை துண்டாக நீட்டுகிறானோ அத்தனை இடத்தில் பலவீனம். நடுத்தண்டை உயர்த்தினால் மூன்று கால் ஒற்றைக் கால் ஆகிவிடும். முனையில் இரும்புக் கூர் இருந்தால் கரிசலிலும் செம்மண்ணிலும் மிதித்து இறக்கலாம். பாறையில் அது வழுக்கும், அங்கே ரப்பர் வேண்டும். காற்று நாளில் நடுவில் ஒரு பை மணலைக் கட்டித் தொங்கவிடுங்கள். எங்கள் காலத்து மர ஸ்டாண்ட் கனம்தான், ஆனால் அதிர்வை விழுங்கிவிடும். வெயிலில் அலுமினியம் போல விரியாது. இப்போது கார்பன் இழையில் வருகிறது, எடை கம்மி, விறைப்பு அதிகம், விலையைக் கேட்டால் நமக்குக் கால் ஆடும்.

தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போகிறவர்கள் குழலின் பூ வேலைப்பாட்டோடு நிறுத்திவிடாமல் அடியில் என்ன இருக்கிறது என்றும் குனிந்து பாருங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளின் பரணில், எதற்கென்று தெரியாமல் ஓர் இரும்புக் கவையோ மூன்று கால் சட்டமோ கிடப்பதைப் பார்த்தவர்கள் இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதீர்கள், வந்து பார்க்கிறேன்.