உபதேசியார் யாருடைய ஆள்? 1876ஆம் ஆண்டுப் பிணக்கும் லிந்துலைத் தோட்டச் சபைகளும்

கொழும்புப் பேராயர் ரெஜினால்ட் ஸ்டீபன் கொப்பிள்ஸ்டன் 1876இல் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனரிமாரின் உரிமங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மலையகத் திருச்சபை வரலாறுகளில் இந்நிகழ்ச்சிக்கு இரண்டு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. இங்கிலாந்தில் உயர்சபைக்காரருக்கும் சுவிசேஷக் கட்சியாருக்கும் நடந்த சண்டை கப்பலேறி இங்கு வந்தது, பீடத்தில் எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்பது போன்ற சடங்குத் தகராறு அது, தமிழ்த் தொழிலாளருக்கு அதில் எடுப்பதற்கு ஒன்றுமில்லை என்பது நெடுங்காலமாக வழங்கும் வாசிப்பு. பின்னால் வந்த இன்னொரு வாசிப்பு எதிர்த் திசையிலிருந்து புறப்பட்டு அதே இடத்தில் வந்து நிற்கிறது. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் துரைமாரின் சந்தாப் பணத்தில் நடந்தது, ஆகவே அது தொழிலாளரைப் பணிய வைக்கும் கருவி, கருவி யார் கையில் இருப்பது என்று இரண்டு வெள்ளைக்காரத் தரப்புகள் மல்லுக்கட்டின என்று அது சொல்கிறது. இரண்டு வாசிப்புகளிலும், தொழிலாளரிடையே ஊழியம் செய்த தமிழ் உபதேசியார் வாய் திறப்பதில்லை. முதல் வாசிப்பில் அவர் கண்ணிலேயே படுவதில்லை. இரண்டாவதில் அவர் ஒரு சாமான்.

இவ்விரண்டோடும் எனக்கு உடன்பாடில்லை. 1876இல் கேட்கப்பட்ட கேள்வி பழைய தமிழ்க் கேள்வி என்பது என் வாதம். அதைத் தமிழ்ச் சபை ஒன்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பாளையங்கோட்டையில் எதிர்கொண்டு, அதனால் இரண்டாகப் பிளந்தும் போயிருந்தது. லிந்துலையைச் சுற்றிய தோட்டச் சபைகளின் குணத்தை விளங்கிக்கொள்ள அந்தப் பிளவிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிணக்கின் சாரத்தை முதலில் அதன் சொந்த அளவில் நிறுத்திப் பார்க்கலாம். கோப்பித் தோட்ட மாவட்டங்களில் வெள்ளையருக்கென்று ஊழியம் செய்த குருமார் இருந்தார்கள். தொழிலாளரிடையே உபதேசிமார் நடந்து திரிந்தார்கள். உபதேசிமாரின் சம்பளம் பெரும்பாலும் துரைமார் தந்த சந்தாவிலிருந்து வந்தது, மேற்பார்வை மிஷனரியின் செலவை சி.எம்.எஸ். ஏற்றது. சந்தா கொடுத்த துரைமாரில் ஸ்கொத்லாந்துப் பிரஸ்பிட்டேரியரும் இருந்தனர், அங்கிலிக்கன் அல்லாத பிறரும் இருந்தனர். 1875 டிசம்பரில் முப்பது வயதில் பேராயராகத் திருநிலை பெற்று வந்த கொப்பிள்ஸ்டனுக்கு இந்த ஏற்பாடு ஒப்பவில்லை. அந்தந்த மாவட்டக் குருவானவரின் கண்காணிப்பில் உபதேசிமார் இருக்க வேண்டும் என்றார். மிஷனரிமார் மறுத்தார்கள், உரிமம் போயிற்று. 1880இல் இங்கிலாந்துப் பேராயர்கள் சிலரிடம் கருத்துக் கேட்டுத்தான் விஷயம் ஓரளவு தணிந்தது.

இந்தக் கதையை நாம் பெரும்பாலும் யூஜின் ஸ்டொக் 1899இல் வெளியிட்ட சி.எம்.எஸ். வரலாற்றின் வழியாகவே அறிகிறோம். ஸ்டொக் அந்தச் சங்கத்தின் பதிப்புச் செயலாளர். வழக்காடியவரின் வீட்டுப் பிள்ளை எழுதிய வழக்குக் குறிப்பு அது என்பதை மறந்து படித்தால், சங்கத்தின் சுதந்திரமா பேராயரின் அதிகாரமா என்ற ஒரே அச்சில் எல்லாம் சுழல்வதாகத் தோன்றும். அவருக்கு முக்கியமானது அதுதான், குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் பின்வந்த ஆய்வாளர்கள், பேராயரை ஆதரித்தவர்களும் சேர்த்துத்தான், அந்த அச்சையே கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பேச்சு முழுவதும் உரிமத்தைப் பற்றியே நடந்தது. உரிமமே இல்லாத ஆள் ஒருவரைப் பற்றித்தான் பிணக்குத் தொடங்கியது என்பது கைநழுவிப் போயிற்று.

பேராயருக்கு நியாயம் செய்தாக வேண்டும். கொப்பிள்ஸ்டன் சிங்களமும் பாளியும் கற்றவர், 1892இல் பௌத்தம் பற்றி நூல் எழுதியவர். இத்தீவின் மனிதரை அறியாத ஆளல்ல. வெள்ளையருக்கு ஒரு சபை, தமிழருக்கு ஒரு சபை என்று ஒரே மாவட்டத்தில் இரண்டு நிர்வாகம் நடத்துவது திருச்சபையின் இயல்புக்கே முரண் என்ற அவர் நிலைப்பாட்டை இன்றைய இறையியல் மாணவர் யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது. இனவாரியாகப் பிரிந்த சபை சபைதானா? தாளில் படித்தால் அவர் கட்சிதான் வெல்கிறது.

தோட்டத்துக்குள் போனால் நிலைமை வேறு. தொழிலாளியின் நாளை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் தப்படித்து எழுப்புவார்கள். பெரட்டுக்களத்தில் பேர் சொல்லி மலைக்கு அனுப்புவார்கள். நேரம் பிந்தினால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. பகல் முழுவதும் லயத்தில் கிழவிகளும் நோயாளிகளும்தான். பின்னால் தேயிலை வந்த பிறகும் இதுவேதான்: கொழுந்து நிறுத்து, பிள்ளைக் காம்பராவிலிருந்து பிள்ளையை வாங்கி, பணிய லயத்துப் பீலியில் கால் கழுவி வீடு வந்து அடுப்பு மூட்டும்போது இருட்டிவிடும். உபதேசியாருக்குக் கிடைக்கிற நேரம் அதற்குப் பிறகுதான். இடம் லயத்து இஸ்தோப்பு. ஆறடி அகலமும் வராத அந்தத் திண்ணையில், அடுத்த காம்பராவின் புகையும் பிள்ளை அழுகையும் கலந்து வர, விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு சனம் கூடியது. ஞாயிற்றுக்கிழமைக்கும் நிச்சயமில்லை. கொழுந்து மிஞ்சினால் ஞாயிறும் கைக்காசு வேலை வரும், காசை விட்டுவிட்டு வேதக்கோயிலுக்குப் போ என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஞாயிறு காலை மணியடித்து ஆலயத்தில் நடக்கும் ஆராதனையை மையமாக வைத்த பங்கு முறைமைக்கும், இரவில் இஸ்தோப்பில் கூடும் சபைக்கும் இடையே இருந்தது கடிகார வேறுபாடு. அதை இறையியல் வேறுபாடு என்று இரு தரப்பும் எண்ணிக்கொண்டார்கள்.

அதோடு, தமிழறியாத குருவானவர் ஒருவர் தமிழ் உபதேசியாரைக் கண்காணிப்பது நடைமுறையில் எப்படி இருந்திருக்கும்? தொழிலாளரைப் பற்றி அவர் கேட்டறியக்கூடிய இடம் பங்களா ஒன்றுதான். சாப்பாட்டு மேசையில் துரை சொல்வதுதான் அறிக்கை. பேராயர் விரும்பியது சபை ஒற்றுமை, அவர் ஏற்பாடு கொண்டுபோய்ச் சேர்த்திருக்கக்கூடிய இடம் பங்களாப் படிக்கட்டு. மிஷனரிமார் இதையெல்லாம் எண்ணித்தான் மறுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் பலர் தங்கள் சங்கத்தின் உரிமையை மட்டுமே நினைத்திருக்கலாம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தமிழ்க் கூலி மிஷனின் முதல் உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள். முதல் மேற்பார்வையாளர் செப்டிமஸ் ஹொப்ஸும் அங்கே ஊழியம் செய்து தமிழ் கற்று வந்தவரே. திருநெல்வேலி சி.எம்.எஸ். சபை 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயரின் கையால் உருவானது. 1830களின் முதற்பகுதியில் அங்கே எழுந்த கேள்வி இது: உபதேசியாருக்குக் குருத்துவ அபிஷேகம் செய்யும் அதிகாரம் யாருக்கு? ஆங்கிலப் பேராயருக்கு மட்டும்தானா, அல்லது சபையை வளர்த்த ஊழியருக்கும் உண்டா? ஜெர்மானிய லூத்தரன் மரபில் வளர்ந்த ரேனியஸ் பேராயர் முறையைத் தவிர்க்க முடியாததென்று ஏற்கவில்லை. 1835இல் சங்கம் அவரை நீக்கியது. உபதேசிமார் பலர் அவர் பக்கம் நின்று திரும்ப அழைத்தார்கள், அவரும் வந்தார். 1838இல் அவர் இறக்கும்வரை அந்தச் சபை இரண்டாகவே கிடந்தது.

உபதேசிமார் பலர் அவர் பக்கம் நின்றார்கள் என்ற செய்தியை மலையக ஆய்வுகள் கண்டுகொண்டதேயில்லை. மாதச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள், சம்பளம் கொடுக்கும் சங்கத்துக்கு எதிராக, தங்களை யார் நியமிக்கலாம் என்ற கேள்வியில் ஒரு பக்கம் எடுத்தார்கள். ரேனியஸ் இறந்து பதினாறே ஆண்டுகள் கழித்து இலங்கை மலைக்கு வந்தவர்கள் இவர்களுடைய பிள்ளைகள், மாணவர்கள், அல்லது அதே ஊர்களின் ஆட்கள். துரை காசு கொடுத்தால் உபதேசியார் துரையின் ஆள் என்ற கணக்கு, திருநெல்வேலியில் இப்படி ஒருமுறை பொய்த்த கணக்கு. கங்காணி முறையில் ஒவ்வொரு தொழிலாளியும் யாரோ ஒருவரின் ஆளாகவே தோட்டத்துக்குள் நுழைந்தார், தொழிலாளியின் கடனைக் குறித்த துண்டுச் சீட்டு அதற்குச் சாட்சி. உபதேசியார் மட்டும் எந்தக் கங்காணியின் பற்றிலும் சேராமல் மேட்டு லயத்துக்கும் பணிய லயத்துக்கும், இந்தத் தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் போய்வர முடிந்தது. அவர் யாருடைய ஆள் என்பதற்கு விடை இல்லாமலிருந்ததே அவருடைய பலம். 1876இல் பேராயர் அந்தக் கேள்விக்கு ஒரு விடை எழுதிவைக்க முயன்றார்.

1835க்கும் 1876க்கும் இடையே நான் போடும் இந்தக் கோடு ஊகக் கோடு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரேனியஸ் காலத்துப் பிளவை நினைத்து மலையக உபதேசியார் ஒருவர் எழுதிய கடிதத்தைச் சான்றாக வைத்து நான் பேசவில்லை. சபைகளின் நினைவு பெரும்பாலும் வழக்கங்களில் தங்குகிறது: மூப்பர்களைக் கூட்டி முடிவெடுப்பது, கைப்பிடி அரிசி சேர்ப்பது, அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருளை ஏலம் விடுவது, அசனத்தில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருவது. திருநெல்வேலியில் நெல்லும் வாழைக்குலையும் ஏலத்துக்கு வரும். இங்கே லீக்ஸும் கரட்டும் கோவாவும் வருகின்றன. ஒரு பூசணிக்காய் நாலு கைமாறி, கடைசியில் கொண்டுவந்தவரிடமே திரும்பிப் போகும்போது எழுகிற சிரிப்புக்கு வெள்ளைக்காரக் குருவானவர் யாரும் காரணமில்லை. இதே வழக்கங்கள் வேறு வழியிலும் வந்திருக்கலாம் என்பார்கள். வந்திருக்கலாம், எல்லாம் சேர்ந்து வந்ததுதான் கவனிக்கத் தக்கது.

சாதியைச் சொல்லி எழுப்பும் மறுப்பு கொஞ்சம் கனமானது. திருநெல்வேலி சி.எம்.எஸ். சபையில் நாடார்களே மிகுதி. தோட்டங்களிலோ திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்த பறையர், பள்ளர், சக்கிலியரும் குடியானவச் சாதிகளும். அப்படியானால் உபதேசியாரும் இன்னொரு மேலாள்தானே? பேச்சு வழக்கும் சாதியும் வேறான ஆள் சொந்தக்காரனாக நுழைய முடியாது என்பது உண்மை. ஆனால் பெரிய கங்காணியின் சாதிக் கட்டுக்கு வெளியே நிற்கவும் அதுவே உதவியது. பல சாதியாரையும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிக்க வைப்பது உள்ளூர்ச் சாதிக்காரனால் அத்தனை எளிதில் முடிகிற காரியமல்ல. 

பங்கு முறைமை தோட்டத்துக்குப் பொருந்தாமற்போன இடத்தை ஞானஸ்நானப் பதிவேட்டிலும் பார்க்கலாம். 1812ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்தில் வந்த அச்சுப் படிவத்தில் பிள்ளையின் பெயர், பெற்றோரின் பெயரும் குடும்பப் பெயரும், வசிப்பிடம், தொழில், நிறைவேற்றிய குரு என்று கட்டங்கள் உண்டு. அந்த வார்ப்பில் வந்த படிவத்தைத் தோட்டத்துச் சபையில் விரித்துவைத்தால் முதலில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் பேனா நிற்கும். முத்துவின் மகன் ராமனுக்கு எது குடும்பப் பெயர்? அடுத்து வசிப்பிடம். கோப்பிக் காலத்துத் தொழிலாளி பலர் பருவத்துக்கு வந்து பருவத்துக்குப் போனவர், அவர் ஊர் என்று சொல்வது இராமநாதபுரத்திலோ புதுக்கோட்டையிலோ உள்ள ஒரு கிராமம். கட்டத்தில் தோட்டப் பெயரை எழுதுகிறவர் பங்கு முறையின்படி எழுதுகிறார், ஊர்ப் பெயரை எழுதுகிறவர் ஆள் சொல்வதைக் கேட்டு எழுதுகிறார். பேராயரின் திட்டம் தோட்டத்தை வசிப்பிடம் என்று கொண்டு வரைந்த வரைபடம். 1876இல் அந்த வரைபடத்தில் நிலையாகக் குடியிருந்தவர் யார்? துரைமார்கூட இல்லை, கோப்பியோடு வந்து கோப்பியோடு போனவர்கள் அவர்களில் அநேகர்.

வரலாறு பின்னால் பேராயர் பக்கம் சாய்ந்தது, அவர் நினைத்த விதமாக இல்லை. 1869இல் மடுல்சீமையில் கண்ட இலைநோய் அடுத்த பதினைந்து ஆண்டில் கோப்பியைத் தீர்த்துக்கட்டியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், பெண்ணும் பிள்ளையும் வேண்டும். 1885இல் கோச்சி தலவாக்கலை தாண்டி நானுஓயாவுக்குப் போனபோது, இடையிலிருந்த லிந்துலைப் பகுதித் தோட்டங்களில் குடும்பம் குடும்பமாகச் சனம் தங்கத் தொடங்கியிருந்தது. வசிப்பிடக் கட்டத்தில் தோட்டப் பெயர் எழுதுவது அப்போதுதான் பொய்யாகாமல் நின்றது. ஆனால் அதே காலத்தில்தான், 1881ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால், திருச்சபைக்கு அரசு கொடுத்த மானியம் படிப்படியாக நின்றுபோனது. யாருடைய கண்காணிப்பில் உபதேசிமாரை வைக்க வேண்டுமென்று பேராயர் வழக்காடினாரோ, அந்தக் குருமார்களுக்கே அரசுச் சம்பளம் இல்லாமற் போயிற்று.

இன்றைக்கும் லிந்துலைப் பக்கத்தில் ஒரு குருவானவருக்குப் பல தோட்டங்கள். அவர் ஒரு தோட்டத்துக்கு வருகிற ஞாயிறன்று நற்கருணை உண்டு. வராத ஞாயிறுகளில் உபதேசியார் வாசிக்கிறார், அவரும் இல்லாவிட்டால் மூப்பர் ஒருவர், சில நேரம் கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி, ஆராதனைப் புத்தகத்தை இஸ்தோப்பு வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, பாவமன்னிப்புக் கூறும் பகுதி வரும்போது குருவானவருக்கென்று அச்சிட்ட வரிகளை மட்டும் விட்டுவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிறார்.