லினக்ஸ் பக்கப் பதுக்கமும் இடமாற்று நினைவகமும்

பக்கப் பதுக்கம் என்பது வன்தட்டிலிருந்து படிக்கப்பட்ட கோப்புகளின் படிகளை முதன்மை நினைவகத்தில் வைத்திருக்கும் ஏற்பாடு ஆகும். நெடுநேரம் பயன்படாத தரவை முதன்மை நினைவகத்திலிருந்து வன்தட்டுக்கு அனுப்பி வைப்பது இடமாற்று ஆகும். இது ஸ்வாப் என்றே பரவலாக அறியப்படுகிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் இவ்விரண்டையும் கருனி ஒருங்கே மேலாண்மை செய்கிறது.

வரலாறு

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962 இல் பயன்பாட்டுக்கு வந்த அட்லஸ் கணினி, காந்த உருளையையும் உள்ளக நினைவகத்தையும் பக்கங்களாகப் பிரித்து ஒரே நினைவகம் போலப் பயன்படுத்தியது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் வெளியிட்ட முதல் லினக்ஸ் பதிப்பில் இவ்வசதி இல்லை. 1992 சனவரியில் வெளியான 0.12 பதிப்பில் பக்கங்களை வன்தட்டுக்கு மாற்றும் வசதி சேர்க்கப்பட்டது.

பக்கப் பதுக்கம்

மேசைக் கணினிகளில் நினைவகம் பொதுவாக 4 கிலோபைட்டு அளவுள்ள பக்கங்களாகக் கையாளப்படுகிறது. சுழலும் வன்தட்டில் ஒரு தரவைத் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லிநொடி ஆகும். முதன்மை நினைவகத்திலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 நானோநொடி போதும். இது ஒரு இலட்சம் மடங்கு வேறுபாடு. எனவே வெறுமையாக உள்ள நினைவகத்தைக் கருனி கோப்புகளின் படிகளால் நிரப்புகிறது. ஒரு மென்பொருள் இரண்டாம் முறை விரைவாகத் திறப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

மாற்றப்படாத படிகளை எந்நேரமும் கைவிடலாம். மாற்றம் பெற்ற பக்கங்களை முதலில் வன்தட்டில் எழுதிய பின்னரே விடுவிக்க இயலும். நகலெடுத்து முடிந்ததாகத் தோன்றும் கோப்பு இன்னும் நினைவகத்திலேயே இருக்கக்கூடும் என்பதால், யுஎஸ்பி விரலியை முறைப்படி விடுவிக்காமல் பிடுங்கினால் தரவு இழக்கப்படலாம்.

இடமாற்று

நிரல்கள் இயங்கும்போது உருவாக்கும் தரவுக்கு வன்தட்டில் மூலக்கோப்பு இல்லை. அதை வெளியேற்ற வேண்டுமானால் இடமாற்றுப் பிரிவோ இடமாற்றுக் கோப்போ தேவை. எதை முதலில் வெளியேற்றுவது என்பதை ஸ்வாப்பினஸ் எனும் அளவுரு நெறிப்படுத்துகிறது. கருனியில் இதன் இயல்பு மதிப்பு 60. மதிப்பைக் குறைத்தால் கருனி கோப்புப் படிகளையே முதலில் கைவிட முனையும். இதன் உச்ச வரம்பு 2020 இல் வெளியான 5.8 பதிப்பில் 100 இலிருந்து 200 ஆக உயர்த்தப்பட்டது.

உபுண்டு 17.04 பதிப்பிலிருந்து (2017) புதிய நிறுவல்களில் தனிப் பிரிவுக்கு மாற்றாக இடமாற்றுக் கோப்பு இயல்பாக அமைக்கப்பட்டது. பெடோரா 33 (2020), தரவைச் சுருக்கி நினைவகத்திலேயே வைக்கும் இசட்ராம் முறைக்கு மாறியது. நினைவக உள்ளடக்கம் முழுவதையும் சேமித்துக் கணினியை அணைக்கும் உறக்க வசதிக்கு வன்தட்டில் போதிய இடமாற்று இடம் வேண்டும்.

நினைவகத் தட்டுப்பாடு

இயங்கும் நிரல்களின் தேவை நினைவகத்தை விஞ்சினால் பக்கங்கள் ஓயாமல் உள்ளும் புறமும் மாற்றப்படும். அப்போது சுட்டி கூட நகராத அளவுக்குக் கணினி முடங்கும். இடமாற்று இடமும் தீர்ந்தால், கருனி ஒரு நிரலைத் தேர்ந்து நிறுத்திவிடுகிறது. பொதுவாக மிகுதியான நினைவகத்தைப் பிடித்துள்ள நிரலே தேர்ந்தெடுக்கப்படும். அதில் சேமிக்கப்படாத வேலை மீளாது.

தவறான புரிதல்கள்

வெற்று நினைவகம் குறைவாகக் காட்டப்படுவது பற்றாக்குறையின் அறிகுறி அன்று. பதுக்கத்தின் பெரும்பகுதி தேவைப்படும்போது விடுவிக்கப்படும். இக்குழப்பத்தைத் தவிர்க்க, 2014 இல் வெளியான 3.14 பதிப்பில் 'கிடைக்கக்கூடிய நினைவகம்' எனும் தனி மதிப்பு சேர்க்கப்பட்டது. பதுக்கத்தை வலிந்து காலி செய்தால் கணினி விரைவடையாது. அதே கோப்புகளை மீண்டும் வன்தட்டிலிருந்து படிக்க நேரிடும். இடமாற்று இடத்தில் சிறிதளவு தரவு இருப்பதும் குறைபாடு அன்று. தொடர்ச்சியான இடமாற்றமே கவனிக்கத்தக்கது.

பாதுகாப்பு

கடவுச்சொற்கள் போன்றவை இடமாற்று இடத்தில் எழுதப்பட்டு, கணினி அணைக்கப்பட்ட பின்னும் வன்தட்டில் எஞ்சக்கூடும். எனவே மடிக்கணினிகளில் இடமாற்று இடத்தையும் மறையாக்கம் செய்வது பரிந்துரைக்கப்படுகிறது.