குரோக் பார்க் திடலும் ஐரிஷ் மக்களின் மனமாற்றமும்

2007-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள், டப்ளின் நகரத்துக் குரோக் பார்க் திடலில் அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய இரு நாடுகளின் ரக்பி அணிகள் பொருதன. ஆட்டம் தொடங்குமுன் ஆங்கில அரசியை வாழ்த்தும் பண் இசைக்கப்பட்டது. ஏறத்தாழ 82,000 பேர் கூடியிருந்தும் இகழ்ச்சிக் கூச்சல் எழவில்லை. அடுத்து ஐரிஷ் பண்கள் ஒலித்தபோது அயர்லாந்து அணியினருள் சிலர் கண்ணீர் வடித்தனர். ஆட்டத்தில் அயர்லாந்து 43-13 என்னும் கணக்கில் வென்றது. ஐரிஷ் மக்களின் தேசிய மனப்பான்மை மாறிவிட்டமைக்கு இந்நிகழ்ச்சியையே தலையாய சான்றாகக் காட்டுவார் பலர். ஒரு மாலைப் பொழுதின் விளையாட்டு அத்துணைப் பெரும் பொறுப்பைத் தாங்கவல்லதா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் அத்திடலின் வரலாற்றை அறிதல் வேண்டும். 1884-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தர்லஸ் என்னும் ஊரில் மைக்கேல் கூசாக்கும் அவர்தம் தோழரும் கேலிக் விளையாட்டுக் கழகத்தைத் தோற்றுவித்தனர். ஹர்லிங் முதலிய நாட்டு விளையாட்டுகளைப் புத்துயிர் பெறச் செய்தலே அவர் நோக்கம். (கூசாக் தம் இளமையில் ரக்பியும் கிரிக்கெட்டும் ஆடியவர் என்பதைக் கழகத்தின் பிற்காலத் தீவிரவாதிகள் பெரிதும் நினைவுகூர்ந்ததாகத் தெரியவில்லை.) கழகத்தின் புரவலருள் ஒருவரான பேராயர் குரோக்கின் பெயரையே திடல் தாங்கியுள்ளது. 1920-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் காலையில், மைக்கேல் காலின்சின் ஆட்கள் டப்ளினில் ஆங்கில அரசின் உளவு அதிகாரிகள் பலரைக் கொன்றனர். அன்று பிற்பகல் அத்திடலில் டப்ளின், டிப்பரேரி அணிகள் ஆடிக்கொண்டிருக்கையில் அரசின் படையினர் உட்புகுந்து சுட்டனர். பதினால்வர் மாண்டனர், அவருள் ஒருவர் டிப்பரேரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன். அரங்கின் ஒரு பகுதி இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. எனவே அம்மண்ணில் ஆங்கில அரசப் பண் ஒலித்தது எளிய செய்தியன்று.

எனினும் ஒரு நிகழ்ச்சி சான்றாதற்கு அதில் புதியது எது, பழையது எது என்று பிரித்துணர்தல் இன்றியமையாதது. ரக்பி அவையினர் அப்பண்ணைக் கேட்டது புதிதன்று. 2003-ஆம் ஆண்டு லான்ஸ்டவுன் சாலைத் திடலில் இங்கிலாந்து ஆடியபோதும் அது இசைக்கப்பட்டது. அன்று எழுந்த சலசலப்பெல்லாம் ஆங்கில அணியினர் அயர்லாந்துக்குரிய பக்கத்தில் நின்றுகொண்டு இடம் மாற மறுத்தமை பற்றியதே, பண் பற்றியதன்று. மேலும் ரக்பி அணி தீவு முழுமைக்கும் உரியது. வடபகுதியின் பிரிட்டானியச் சார்பினரும் அதில் ஆடுவர். அவர்பொருட்டே 1995-ஆம் ஆண்டில் பில் கோல்ட்டர் இயற்றிய பொதுப் பாடல் ஒன்று வழக்கிற்கு வந்தது. 1973-ஆம் ஆண்டினையும் எண்ணிப் பார்க்கலாம். அதற்கு முந்திய ஆண்டில் ஸ்காட்லாந்தும் வேல்சும் கலவரத்திற்கு அஞ்சி டப்ளினுக்கு வர மறுத்தன. அந்நிலையிலும் ஆங்கில அணி வந்தது. அவையினர் நெடுநேரம் கைதட்டி வரவேற்றனர். வடபகுதியில் குருதி ஆறாக ஓடிய காலம் அது. அக்கைதட்டலைக் கொண்டு அன்றைய ஐரிஷ் மனப்பான்மையை அளப்போமாயின் பெரும்பிழையே எஞ்சும்.

ஆகவே 2007-இல் புதியது அவையன்று, இடமே என்பது பெறப்படும். அந்த இடம் பிறர்க்குத் திறந்த வரலாற்றை ஆட்டக் களத்தில் காண இயலாது. கழகத்தின் விதிநூலிற்றான் காணல் வேண்டும். அயல்நாட்டு விளையாட்டுகளை ஆடுவோரையும் காண்போரையும் விலக்கும் விதி நெடுங்காலம் நிலவிற்று. ரக்பி, கால்பந்து, ஹாக்கி, கிரிக்கெட் என்னும் நான்கே அயலானவை, டென்னிசு அயலானதன்று! குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைடு 1938-ஆம் ஆண்டு போலந்துடன் நிகழ்ந்த கால்பந்தாட்டத்தைக் காணச் சென்றார். ஐரிஷ் மொழிக்கு அவரினும் மிகுதியாக உழைத்தவர் சிலரே. அவரையே கழகம் புரவலர் நிலையினின்றும் நீக்கியது. இவ்விதி 1971-இல் ஒழிந்தது. பிரிட்டானியப் படையினரும் வட அயர்லாந்துக் காவலரும் உறுப்பினராதலைத் தடுத்த 21-ஆம் விதி 2001 நவம்பரில் நீங்கியது. பழைய காவற்படை மறைந்து புதியது அமைந்து சில நாட்களே ஆகியிருந்தன. வடபகுதி ஆறு கவுண்டிகளுள் டவுன் ஒன்றே அந்நீக்கத்தை ஆதரித்தது.

திடல்களைப் பிற விளையாட்டுகளுக்கு அடைத்து வைத்த 42-ஆம் விதியே நம் ஆராய்ச்சிக்கு நேரே உரியது. இதனைத் தளர்த்தும் தீர்மானம் 2001 ஏப்ரலில் வாக்கெடுப்பிற்கு வந்தது. ஆதரித்தோர் 176, எதிர்த்தோர் 89. மூன்றில் இருபங்கு வேண்டியிருந்தமையால் ஒரே வாக்குக் குறைவால் தீர்மானம் வீழ்ந்தது. 2005 ஏப்ரல் 16-ஆம் நாள் மீண்டும் வந்தபோது 227-க்கு 97 என வென்றது. அப்பொழுதும் வடபகுதிப் பேராளருள் பெரும்பாலோர் எதிர்த்தே நின்றனர். லான்ஸ்டவுன் சாலைத் திடல் இடித்துக் கட்டப்படவிருந்ததும், இடங்கொடாவிடின் நாட்டின் அணி தாயகப் போட்டிகளைக் கடல்கடந்து ஆடநேரும் என்னும் நாணமும், வாடகை வருவாயும் அவ்வெற்றிக்குத் துணைநின்றன. இவற்றையெல்லாம் மறைத்து, வெறும் நல்லிணக்க உணர்வே கதவைத் திறந்தது என்பார் கூற்று நமக்கு உடன்பாடன்று. ஆயினும் வருவாய் 1938-இலும் இனிமையானதே. அன்று அதற்காக விதியை மாற்ற எவரும் துணிந்திலர், 2005-இல் துணிந்தனர். இடையில் 1998-ஆம் ஆண்டு உடன்படிக்கையும், தெற்கே அதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்று நால்வர் அளித்த ஒப்புதலும் உள்ளன. நோக்கம் கலப்புடையதாயினும் அந்நோக்கத்தின்படி ஒழுக இயன்றதே மாற்றத்தின் அறிகுறி.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். பானை முழுதும் ஒரே தீயில் வெந்திருப்பின் அது மெய்யே. ஐரிஷ் விளையாட்டுலகம் அத்தகைய ஒற்றைப் பானையன்று. 2024 செப்டம்பர் 7-ஆம் நாள் அதே டப்ளினில், லான்ஸ்டவுன் சாலையின் பழைய இடத்தெழுந்த புதிய அரங்கில், இங்கிலாந்துடன் கால்பந்தாட்டம் நிகழ்ந்தது. அரசப் பண் ஒலித்தபோது அவையில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டு இகழ்ந்தனர். 2007-இன் அமைதி நல்லிணக்கத்திற்குச் சான்றாயின், இக்கூச்சல் பகைமை மீண்டமைக்குச் சான்றாதல் வேண்டும். அங்ஙனம் கொள்வார் எவருமிலர். அன்று கோல் அடித்த ரைசும் கிரீலிசும் முன்னர் அயர்லாந்தின் சீருடையணிந்து ஆடிப் பின் இங்கிலாந்தின்பாற் சென்றவர். அச்சினமும் கூச்சலில் கலந்திருந்தது. கால்பந்து அவையினரின் வழக்கமும் வேறு. ஒன்றனை நாட்டின் குரலென்றும் மற்றதனைச் சிறுவர் குறும்பென்றும் கொள்வது நம் விருப்பிற்கேற்பச் சான்றினைத் தெரிந்தெடுத்தலே ஆகும்.

அங்ஙனமாயின் 2007-இன் அமைதிக்குப் பொருளே இல்லையோ எனின், உண்டு. ஆனால் அது கண்ணாடியின் பொருளன்று, செயலின் பொருள். ஆட்டத்திற்குப் பல கிழமை முன்னரே செய்தித்தாள்கள் அப்பண்ணைப் பற்றி ஓயாது எழுதின. ஒரு சிறு குழுவினர் எதிர்ப்பும் தெரிவித்தனர். உலகம் தம்மை நோக்குகின்றது என்பதை அவையினர் நன்கறிந்திருந்தனர். அறிந்து காத்த அமைதி இயல்பாகக் கசிந்த மனநிலையன்று. எண்ணிச் செய்த நாகரிகம். நாடு எத்தகையதாக இருந்தது என்பதைவிட, எத்தகையதாகத் தோன்ற விரும்பிற்று என்பதையே அது தெரிவிக்கின்றது. இவ்விருப்பமும் வரலாற்றுச் செய்தியே. 1920-இன் மண்ணில் வருத்தமின்றி ஒருமுறை அப்பண் ஒலித்தபின் பழைய அச்சத்தைக் காட்டி வாதிடுதல் அரிதாயிற்று. 2011 மே 18-ஆம் நாள் இரண்டாம் எலிசபெத் அரசியார் அத்திடலுக்கு வந்தபோது கழகத் தலைவரே வரவேற்றார். 2007 நிகழாதிருப்பின் அவ்வரவேற்பு அத்துணை எளிதில் கைகூடியிராது என்றே கருதுகின்றோம்.

எனினும் குரோக் பார்க்கிற்கு அளித்த தளர்வு பிற திடல்களுக்கு எட்டவில்லை. மறைந்த கால்பந்து வீரர் லியாம் மில்லரின் குடும்பத்திற்கு உதவும் ஆட்டத்தை 2018-இல் கார்க் நகரத்துக் கேலிக் திடலில் நடத்த விழைந்தபோது கழகம் விதியைக் காட்டி முதலில் மறுத்தது. அங்கு ஆங்கிலப் பண்ணும் இல்லை, அரசியும் இல்லை. இறந்தவரோ கார்க்கின் மைந்தர். மக்கள் கண்டனம் வலுத்தபின் இசைவு கிடைத்தது. செப்டம்பர் 25-ஆம் நாள் ஆட்டம் நடந்தேறியது. அடுத்த ஆண்டுப் பேரவை, பிற திடல்களையும் திறக்கும் உரிமையைக் கழகத்தின் நடுவண் குழுவிடம் ஒப்படைத்தது.