சோழியும் நிறமாலையும்: தமிழகத்து வான் ஆராய்ச்சி வரலாறு குறித்து ஓர் ஆய்வு

வரலாற்றுச் சான்றுகளுள் கல்வெட்டைத் தலையாயதாகக் கொள்ளுதல் நம் ஆய்வுமரபு. ஏட்டைச் செல் அரிக்கும், வாய்மொழி நாளடைவில் திரியும், கல் நிற்கும். ஆயினும், கல்லில் பொறிக்கப்பட்டமை ஒன்றனாலேயே ஒரு கூற்று மெய்யாகிவிடாது என்பதை மெய்க்கீர்த்திகளைப் பயின்றோர் நன்கு அறிவர். பொறித்தவர் யார், எவர் படித்தற்பொருட்டுப் பொறித்தார், எதனைச் சொல்லாது விடுத்தார் என்னும் வினாக்களை எழுப்பிய பின்னரே அதனைச் சான்றாக ஏற்றல் வேண்டும். சோழர் காலத்துக் கற்களுக்கு நாம் விதிக்கும் இவ்விதியைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் நாட்டிய ஒரு கல்லுக்கும் விதித்துப் பார்த்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

அக்கல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடத்துக்கென நாட்டப்பெற்ற கருங்கல் தூண். ஏறத்தாழ 15 அடி உயரமும் 10 டன் எடையும் உடையது. வில்லியம் பெற்றி என்னும் கம்பெனி அலுவலர் 1786-இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் அமைத்த சிறு வானாய்வுக்கூடத்தைக் கம்பெனியார் ஏற்று, மைக்கேல் டாப்பிங் என்பாரைக் கொண்டு நுங்கம்பாக்கத்தில் 1792-இல் புதுக் கட்டடம் எழுப்பினர். விண்மீன்கள் உச்சிவட்டத்தைக் கடக்கும் நேரத்தைக் குறிக்கும் தொலைநோக்கி அதிராது நிற்றற்பொருட்டே அத்துணைப் பெருந்தூண் தேவையாயிற்று. அதன்கண் இலத்தீன் மொழியிலும், தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி ஆகிய மொழிகளிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டன. கணித அறிவியல்கள் பிரித்தானியரின் வண்மையால் ஆசியாவில் முதன்முதலாக ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டு கழித்து வருவோரும் அறிதல் வேண்டும் என்பதே பொறித்தோர் கருத்து.

'முதன்முதலாக' என்னும் அச்சொல்லே ஈண்டு ஆராய்தற்குரியது. வான்கணிதம் இம்மண்ணில் அதற்கு முன்னரே வழங்கியது என்பதற்குச் சான்று தேட ஆரியபட்டர்வரை செல்ல வேண்டுவதில்லை. அத்தூண் நாட்டப்படுதற்குச் சற்று முன்னும் பின்னும், புதுச்சேரியில், ஐரோப்பியர் இருவர் தம் கண்ணால் கண்டு எழுதிவைத்த செய்திகளே போதும்.

முன்னவர் லெ ழான்டில் என்னும் பிரெஞ்சு வானியலார். வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்து செல்வதைக் காண வந்த இவர், 1761-இல் போர் காரணமாகப் புதுச்சேரியில் இறங்க இயலாமல், அடுத்த நிகழ்ச்சிக்காக எட்டு ஆண்டுகள் காத்திருந்து, 1769 ஜூன் மாதத்தில் மேகம் மறைத்தமையால் அதனையும் இழந்தார். அவ்விழப்பு நமக்கு ஆக்கமாயிற்று. காத்திருந்த காலத்தில் அவர் தமிழ்க் கணியர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்கலானார். 1765 ஆகஸ்டு 30-ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைக் கணியர் கணக்கு 41 விநாடி குறைத்துக் காட்டியது; ஐரோப்பாவில் சிறந்ததெனக் கருதப்பட்ட டோபியஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி மிகுத்துக் காட்டியது.

பின்னவர் ஜான் வாரன். பிறப்பால் பிரெஞ்சுக்காரர், பிரித்தானியப் படையில் பணியாற்றியவர், சென்னை வானாய்வுக்கூடத்தின் பொறுப்பைச் சில ஆண்டுகள் வகித்தவர். தென்னாட்டுக் காலக்கணக்கு முறைகளைத் தொகுத்து 'கால சங்கலிதம்' என்னும் பெருநூலை 1825-இல் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணியர் ஒருவர், ஏடோ எழுதுகோலோ இன்றித் தரையில் சோழிகளைப் பரப்பியும் நகர்த்தியும் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அவர் அதன்கண் விரித்துரைக்கின்றார். அக்கணியர் பெயரை வாரன் எழுதியுள்ள எழுத்துக்கூட்டல் சாமிநாதன் சேஷையா என்று படிக்கத்தக்கது. கணித்த கிரகணம் 1825 மே 31, ஜூன் 1 ஆகிய நாள்களுக்கு இடைப்பட்ட இரவுக்குரியது. தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்தன.

இவ்விரு செய்திகளையும் ஒருங்கு வைத்துக் காண்போர் மிகச் சிலர். 41 விநாடியை மட்டும் எடுத்துக்காட்டி நம் முன்னோர் மேலையோரை வென்றனர் என்பாரும், 52 நிமிடத்தை மட்டும் எடுத்துக்காட்டி இகழ்வாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். ஒரு கிரகணத்தின் பொருத்தம் ஒரு முறையின் திறத்துக்கு அளவுகோல் ஆகாது. அட்டோ நியூகெபவர் 'தமிழ் வானியல்' என்னும் தலைப்பில் 1952-இல் எழுதிய கட்டுரை வாரன் தந்த செய்தியை இவ்விரு சாராரினும் வேறான நோக்கில் அணுகியது. பிழை எவ்வளவு என்பது அவர்க்குப் பொருட்டன்று. அம்முறை 1825-இலும் உயிரோடு வழங்கியது என்பதே அவர்க்குப் பெரும் பொருளாகப் பட்டது. அதன் எண்கூறுகள் சிலவற்றை வராகமிகிரர் காலத்துக்கும், அதற்கப்பால் பாபிலோனியர் காலத்துக்கும் கொண்டு சென்று அவர் பொருத்திக் காட்டினார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுத் தொடர்ச்சி ஒரு புதுச்சேரிக் கணியரின் விரல்நுனியில் நின்றது என்பது இதனால் போதரும்.

அம்முறையாவது யாது? திங்கள் புவியைச் சுற்றும் வேகம் ஒருபடித்தன்று. அண்மையில் விரைந்தும் சேய்மையில் தளர்ந்தும் செல்லும். இவ்வேறுபாடு ஒருமுறை நிரம்ப ஏறக்குறைய 27½ நாள் ஆகும். அத்தகைய ஒன்பது சுற்றுகள் 248 நாள்களில் முற்றுப்பெறுகின்றன. எஞ்சும் பின்னம் மிகச் சிறிது. ஆகவே, 248 நாள்களுக்குத் திங்களின் நிலையைக் கணித்து மனப்பாடம் செய்துகொண்டால், பின்னர் எந்நாளுக்கும் அதனையே திரும்பப் பயன்படுத்தலாம். அவ்வெண்கள் எண்களாக அன்றிச் சொற்றொடர்களாக அமைக்கப்பட்டன. அவையே 'வாக்கியங்கள்'. வாக்கியப் பஞ்சாங்கம் என நாம் இன்றும் வழங்கும் தொடரில் உள்ள சொல் இதுவே. இம்முறையை விளக்கும் 'வாக்கிய கரணம்' என்னும் வடமொழி நூலை டி. எஸ். குப்பண்ண சாஸ்திரியாரும் கே. வி. சர்மாவும் பதிப்பித்து 1962-இல் சென்னையிலிருந்து வெளியிட்டனர்.

எழுத்தை எண்ணாகக் கொள்ளும் கடபயாதி முறையே இவ்வாக்கியங்களுக்கு அடிப்படை. மொழிநூலார் கருதத்தக்க செய்தி ஒன்று இதன்கண் உண்டு. அம்முறையில் ககர வருக்கத்தின் நான்கு ஒலிகளும் முறையே 1, 2, 3, 4 என்னும் எண்களைக் குறிப்பன. தமிழ் நெடுங்கணக்கிலோ அந்நான்கிற்கும் உரியது ககரம் ஒன்றே. எனவே வாக்கியங்களைத் தமிழெழுத்தில் வரையின் எண் மயங்கும். கிரந்த எழுத்திலேனும் செவிவழியிலேனும் அன்றி அவற்றைப் பிழையறக் காத்தல் அரிது. கணியர் ஏட்டை நோக்காது நினைவையே நம்பியதற்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. இது கருத்தே, முடிபு அன்று.

அக்கணியர்க்கு வான்கணிதக் கொள்கையில் ஒரு சொல்லும் தெரியாது எனவும், வியத்தகு நினைவாற்றலே அவர்க்கு இருந்தது எனவும் வாரன் குறிப்பிடுகின்றார். இதனை நாம் மறுத்தற்கில்லை. காரணம் அறியாது கருவியை மட்டும் கையாளும் நிலைக்கு ஒரு கலை வந்துவிட்டமையை அக்குறிப்புக் காட்டுகின்றது. தூணின் கூற்றும் பொய். நம் பெருமிதமும் முழுமெய் அன்று. கலை இருந்தது, அதனைக் கண்ணால் கண்டு திருத்தும் வழக்கம் தளர்ந்திருந்தது. அவ்வழக்கத்தை மீட்க முயன்றவர் நுங்கம்பாக்கத்துத் தூணின் நிழலிலேயே தோன்றினார்.

அவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் குடியில் பிறந்து, இளமையிலேயே வானாய்வுக்கூடத்தில் பணிக்கு அமர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்தவர். அவர் காலத்துக்கு முன்னரே அக்கூடம் உலகப் புகழ் எய்தியிருந்தது. டி. ஜி. டெய்லர் 1844-இல் வெளியிட்ட பட்டியல் 11,015 விண்மீன்களின் இடங்களைக் குறித்தது. 1861-இல் தலைமை ஏற்ற நார்மன் பாக்சன் அவ்வாண்டிலேயே ஒரு சிறுகோளைக் கண்டு அதற்கு 'ஆசியா' எனப் பெயரிட்டார். விண்மீன்களின் பொலிவை அளக்க இன்றும் வழங்கும் 2.512 என்னும் விகிதம் அவர் 1856-இல் முன்மொழிந்ததே.

இத்தலைவரின்கீழ் இரவுதோறும் உழைத்த இரகுநாதாச்சாரியார் 1867-இல் ரெட்டிகுலம் என்னும் தென்கோடி விண்மீன் குழுவில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அது பட்டியல்களில் ஆர் ரெட்டிகுலை எனப்படும். வான்நடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 63 பாகையில் உள்ள அவ்விண்மீன், 13 பாகை வடக்கே உள்ள சென்னையிலிருந்து காண்பார்க்கு, உச்சிவட்டத்தைத் தொடும்போதும் தொடுவானத்துக்கு மேல் 14 பாகையே எழும். கடற்கரை நகரின் ஈரக்காற்றினூடே அத்துணைத் தாழ்ந்து விளங்கும் ஒளியின் ஏற்றத்தாழ்வைத் தேர்ந்தறிதற்கு எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 1872-இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்வு பெற்றார். அப்பேறு பெற்ற முதல் இந்தியர் அவரே. 1874 டிசம்பரில் வெள்ளி கதிரவனைக் கடந்ததைப் பொதுமக்கள் அறியுமாறு ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் சிறுநூல் எழுதினார். 1880 பிப்ரவரியில் மறைந்தார்.

அவர் கொண்ட பெருங்குறிக்கோள் பஞ்சாங்கத் திருத்தம். கணிப்பு வானத்தோடு ஒத்தல் வேண்டும். ஒவ்வாவிடின் திருத்தப்பட வேண்டியது கணிப்பே என்பது அவர் கொள்கை. அம்முறைக்கு உரிய பெயர் த்ருக்கணிதம். 'த்ருக்' என்பது காட்சி. காட்சியோடு பொருந்தும் கணிதம் என்பது பொருள். இச்சொல் தமிழில் திருக்கணிதம் என வழங்கலாயிற்று. முதற்சீரைத் 'திரு' என்னும் தமிழ் அடையெனக் கொண்டு பொருள் கூறுவார் இன்றும் உளர், அது பிழை. வாக்கியம் என்னும் சொல் நினைவிலிருந்து வந்தது. திருக்கணிதம் என்னும் சொல் கண்ணிலிருந்து வந்தது. சனிப்பெயர்ச்சி நாள் குறித்து இவ்விருவகைப் பஞ்சாங்கங்களும் இக்காலத்தும் முரணுதலைக் கோயில்வழக்கம் அறிந்தோர் அறிவர். புதுச்சேரிக் கணியருக்கும் நுங்கம்பாக்கத்து உதவியாளருக்கும் இடையே அன்று எழுந்த வழக்கு நம் இல்லங்களில் இன்னும் தீர்க்கப்படவில்லை.

விண்பொருள் எங்கே உளது என்பதோடு நில்லாது, அஃது எதனால் ஆயது என்றும் வினவும் துறை வான்இயற்பியல். அத்துறை தென்னாட்டு மண்ணில் கால்கொண்ட நாள் 1868 ஆகஸ்டு 18. அன்றைய முழுச் சூரிய கிரகணத்தைக் காணப் பாக்சன் மசூலிப்பட்டினத்திலும், பிரெஞ்சு அறிஞர் ழான்சன் குண்டூரிலும், இரகுநாதாச்சாரியார் ஐதராபாத்து நிலத்து வனபர்த்தியிலும் தங்கினர். கதிரவன் விளிம்பில் எழும் தழல்கள் நிறமாலையில் ஒளிக்கோடுகளாகத் தோன்றின. அவை வளிப்பொருள் என்பது தெளிவாயிற்று. அக்கோடுகளுள் மஞ்சள் நிறக் கோடு ஒன்று சோடியத்தின் இரட்டைக் கோடுகளோடு பொருந்தவில்லை. கிரகணம் இல்லாத நாளிலேயே அதனை அவ்வாண்டு அக்டோபரில் இலண்டனில் கண்ட லாக்கியர், பின்னர் அதனைப் புதுத் தனிமத்துக்கு உரியதாக்கினார். அதுவே ஹீலியம், புவியில் அது 1895-இல் ராம்சேயால் பிரித்தெடுக்கப்பட்டது.

இடையே ஒரு சிறு செய்தி. பாக்சனின் மகள் ஐசிஸ், 1873 முதல் வானாய்வுக்கூடத்தில் மாதம் 150 ரூபாய் ஊதியத்தில் உதவியாளராகப் பணியாற்றியவர். 1886-இல் அவர் பெயரைத் தந்தை அரச வானியல் கழகத்துக்கு முன்மொழிந்தார். கழகத்தின் சாசனம் உறுப்பினரை ஆண்பாற் பெயராலேயே சுட்டுகின்றது என வழக்கறிஞர் கூற, முன்மொழிவு கைவிடப்பட்டது. 1920-இல் தான் அவர் உறுப்பினரானார். உயர்திணைப் பலர்பாலை இருபாற்கும் பொதுவாக வைத்த தொல்காப்பியனார் வழி வந்தோர்க்கு இவ்வழக்கு நகை விளைக்கும்.

கோடைக்கானலின் தோற்றத்துக்கு நகை இடந்தாராது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சங்களின் பின்னர், பருவமழைக்கும் கதிரவனின் மறுக்களுக்கும் தொடர்பு உண்டோ என்னும் ஆராய்ச்சி வலுப்பெற்றது. அரசு கதிரவ ஆய்வுக்கூடம் அமைக்க இசைந்தமைக்கு இதுவே பெருங்காரணம். 1899-இல் பணி நுங்கம்பாக்கத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் உள்ள கோடைக்கானலுக்கு மாறியது. மழையை முன்னறிந்து கூறவல்ல உறுதியான விதி மறுக்களிலிருந்து கிட்டவில்லை. கிட்டியது வேறு. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், மறுவில் வளி சுழல்கின்றதா எனக் காண நிறமாலையை அளந்தார். கதிரவ மறுக்கள் காந்தப்புலம் உடையன என்பதை அதற்கு முந்திய ஆண்டில் அமெரிக்காவில் ஹேல் நிறுவியிருந்தார். சுழற்சியே அப்புலத்துக்குக் காரணம் என்னும் எண்ணம் பரவியிருந்த காலம் அது. எவர்ஷெட் கண்டதோ சுழற்சி அன்று. மறுவின் கருமையான நடுப்பகுதியைச் சூழ்ந்த புறவளையத்தில் வளி நடுவிலிருந்து வெளிநோக்கி ஆரவழியே பாய்கின்றது என்பது கோடுகளின் பெயர்ச்சியால் புலனாயிற்று. எவர்ஷெட் விளைவு என உலகம் வழங்கும் அவ்வுண்மையோடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அங்கு எடுக்கப்பெற்ற கதிரவ ஒளிப்படங்களின் நெடுந்தொகுதியும் கோடைக்கானலின் கொடையாகும்.

1960-இல் கோடைக்கானல் தலைமையை ஏற்ற வேணு பாப்பு, இரவு வானை ஆராய ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தார். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு பணி அங்குத் தொடங்கிற்று. 1977 மார்ச்சு 10-ஆம் நாள் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அக்கோளைச் சூழ்ந்த வளையங்களை வெளிப்படுத்திய பதிவுகளுள் காவலூர்ப் பதிவும் ஒன்று.

நுங்கம்பாக்கத்துத் தூணிலுள்ள தமிழ்ப்பகுதி, பதினெட்டாம் நூற்றாண்டு இறுதித் தமிழ் உரைநடைக்கும் அறிவியற் சொல்லாக்கத்துக்கும் நாள் குறித்த சான்று. கணிதம், வானாய்வு ஆகியவற்றுக்கு அன்று எச்சொற்கள் ஆளப்பட்டன என்பதனை வாக்கியக் கணியரின் வழக்குச் சொற்களோடும், இரகுநாதாச்சாரியார் காலத்துப் பஞ்சாங்கச் சொற்களோடும் ஒப்பிட்டு ஆராய்தல் தமிழ்த்துறைக்கே உரிய பணி. வானியலார் அதனைச் செய்யார்.