கருநாவல்பற்றில் விழுந்த விண்கல்

இலங்கையின் வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாறு பெரும்பாலும் குளங்களையும் வன்னிமைகளையும் படையெடுப்புகளையும் கொண்டே எழுதப்பட்டு வந்திருக்கிறது. அவ்வரலாற்றில் இடம்பெற வேண்டியதாயினும் அரிதாகவே பேசப்படும் நிகழ்வொன்று 1795ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் திகதி முல்லைத்தீவுக்கு அருகே, வன்னியின் பழைய பிரிவுகளுள் ஒன்றான கருநாவல்பற்றில் நடந்தது. அன்று அங்கே வானிலிருந்து கல் ஒன்று விழுந்தது. உலகின் விண்கற் பட்டியல்களில் அது இன்று முல்லைத்தீவின் பெயராலேயே பதிவாகியுள்ளது. அப்பட்டியல்கள் காட்டும் எடை முப்பது கிராமுக்கும் குறைவு.

அந்த ஆண்டு வன்னியில் ஆட்சி மாறிய ஆண்டாகும். 1780களில் வன்னியர் எனப்பட்ட உள்ளூர்த் தலைவர்களின் அதிகாரத்தை ஒடுக்கிய ஒல்லாந்தர், முல்லைத்தீவைத் தளமாகக் கொண்டு நிலப்பரப்பை நிர்வகித்து வந்தனர். அவர்களுடைய அதிகாரியான தோமஸ் நாகெல் 1793இல் வன்னியைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றையும் எழுதியிருந்தார். கல் விழுந்து நான்கு மாதங்கள் கழித்து, ஓகஸ்ட் இறுதியில் திருகோணமலைக் கோட்டை பிரித்தானியரிடம் வீழ்ந்தது. செப்டெம்பர் இறுதியில் யாழ்ப்பாணமும், அதனைத் தொடர்ந்து முல்லைத்தீவும் அவர்கள் வசமாயின. எனவே கருநாவல்பற்றுக் கல், ஒல்லாந்தர் ஆட்சியின் கடைசி மாதங்களுக்குரிய ஒரு சான்றுமாகும்.

அறிவியல் வரலாற்றிலும் அதே ஆண்டு ஒரு திருப்புமுனையில் அமைந்திருந்தது. வானிலிருந்து கல் விழும் என்பதைக் கிராமத்து மக்கள் கண்ணால் கண்டு சொல்லிவந்தபோதிலும், ஐரோப்பிய அறிஞர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். 1768இல் பிரான்சின் லூசே என்னும் ஊரில் விழுந்த கல்லை ஆராய்ந்த அந்நாட்டு அறிஞர் குழு, அது மின்னல் தாக்கிய சாதாரண நிலக்கல்லே என்று முடிவு கூறியது. 1794இல் ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் கிளாட்னி, சைபீரியாவில் கிடைத்த பெரும் இரும்புப் பாளத்தையும் பழைய வீழ்ச்சிகள் பற்றிய சாட்சியங்களையும் ஆராய்ந்து, இவை விண்வெளியிலிருந்தே வருகின்றன என்று நூலெழுதினார். அதே ஆண்டு ஜூன் மாதம் இத்தாலியின் சியெனாவிலும், 1795 டிசம்பரில் இங்கிலாந்தின் யோக்சயர் பகுதியிலும், 1798இல் காசிக்கு அருகேயும் கற்கள் விழுந்தன. ஒன்றுக்கொன்று வெகுதொலைவிலுள்ள சியெனா, யோக்சயர், காசி ஆகிய இடங்களின் கற்களைப் பகுத்தாய்ந்த ஆங்கிலேய வேதியியலாளர் எட்வர்ட் ஹவர்ட், அவற்றிலுள்ள இரும்பில் நிக்கல் கலந்திருப்பதையும் அவை தம்முள் ஒத்திருப்பதையும் 1802இல் வெளியிட்டார். 1803 ஏப்ரலில் பிரான்சின் லேகிள் என்னுமிடத்தில் ஆயிரக்கணக்கான கற்கள் ஒருசேர விழ, அவற்றை நேரில் சென்று ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் பியோவின் அறிக்கைக்குப் பின்னர் ஐயம் பெருமளவு நீங்கியது. கருநாவல்பற்றுக் கல் விழுந்தது, இந்த விவாதம் நடந்துகொண்டிருந்த பத்தாண்டுகளுக்குள்ளேயாகும்.

அக்கல் 'எல் கொண்டிரைட்டு' என்னும் வகையில் வைக்கப்பட்டுள்ளது. கொண்டிரைட்டு என்பது, கோள்கள் உருவாகுமுன் சூரியனைச் சுற்றியிருந்த தூசிமேகத்தில் உருகி உறைந்த சிறு உருண்டை மணிகளைத் தன்னுள் கொண்ட கல்லாகும். அம்மணிகளின் வயது ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகள். 'எல்' என்ற குறி, இரும்பின் அளவு குறைந்த பிரிவைச் சுட்டுகிறது. இத்தகைய கல்லின் மேற்புறத்தில், வளிமண்டலத்தினுள் செக்கனுக்குப் பதினொரு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் நுழைந்தபோது உருகிய கருந்தோல், மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்பில் படிந்திருக்கும். அதனை அறுத்து மெருகிட்டால், சாம்பல் நிறத் தளத்தில் உருண்டை மணிகளின் வட்டங்களும், அவற்றினிடையே நிக்கல் இரும்பின் மின்னும் பொட்டுகளும் தெரியும். இவ்வகைக் கற்கள் பலவற்றில் இவற்றை ஊடறுத்து மெல்லிய கரிய நரம்புகளும் ஓடுகின்றன. பேரதிர்ச்சி ஒன்றினால் கணப்பொழுதில் பாறை உருகி உறைந்த தழும்புகள் அவை.

அந்த அதிர்ச்சியின் காலத்தையும் அறிவியல் கணித்திருக்கிறது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றிவரும் சிறு பாறையுலகங்களான குறுங்கோள்கள், ஒன்றையொன்று சராசரியாகச் செக்கனுக்கு ஐந்து கிலோமீற்றர் வேகத்தில் மோதுகின்றன. அங்கே ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன் நூறு கிலோமீற்றருக்கும் அதிக விட்டமுள்ள குறுங்கோள் ஒன்று மோதுண்டு சிதறியது. 'எல்' வகைக் கற்களில் பெரும்பகுதி அச்சிதறலின் வழிவந்தவை எனக் கருதப்படுகிறது. வியாழனின் ஈர்ப்பு அத்துண்டுகளில் சிலவற்றின் சுற்றுப்பாதையை நீட்டிப் பூமியின் பாதைக்குக் குறுக்கே கொண்டுவந்தது. சுவீடனின் கின்னகுல்லே பகுதியில், அக்காலக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லை வெட்டியபோது கிடைத்த நூற்றுக்கு மேற்பட்ட விண்கற் புதைபடிவங்களில் ஏறத்தாழ அனைத்தும் இவ்வகையினவே. அன்று தொடங்கிய மழையின் தூறல் இன்றும் ஓயவில்லை. பூமியில் விழக் காணப்படும் கற்களுள் மிகுதியானவை 'எல்' வகையினவாக இருப்பதற்கு அம்மோதலே காரணமெனக் கொள்ளப்படுகிறது.

மோதல் விண்வெளியின் நிலையான வழக்கம். 1994 ஜூலையில் சூமேக்கர்-லெவி 9 என்னும் வால்வெள்ளியின் துண்டுகள் வியாழனில் மோதி, பூமியளவு பெரிய கரும்புள்ளிகளை உண்டாக்கியதை உலகமே தொலைநோக்கிகளில் கண்டது. நமது பால்வீதியும் ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் சிறிய விண்மீன் மண்டலம் ஒன்றுடன் மோதி அதனைத் தன்னுள் கரைத்துக்கொண்டது. இம்மோதல்களைத் தொலைவிலிருந்தே அறிய முடியும். விண்கல் ஒன்றே மோதலின் வரலாற்றைக் கையில் கொண்டுவந்து தருகிறது.

ஆகவே, வன்னித் தலைவனான பண்டார வன்னியன் 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியதைக் கற்கும் மாணவர்கள், அதற்கு எட்டாண்டுகள் முன் அதே மண்ணில் விழுந்த இக்கல்லையும் அறிந்திருத்தல் வேண்டும். அது மாவட்டத்தின் பாடசாலைகளிலும் உள்ளூர் வரலாற்று நூல்களிலும் இடம்பெறத் தகுந்தது. இத்தகைய வீழ்ச்சி இனியும் நிகழலாம் என்பதால், வானில் பெருந்தீப்பந்தைக் கண்டோர் நேரத்தையும் திசையையும் உடனே எழுதிவைத்துப் பல்கலைக்கழகமொன்றுக்கு அறிவிப்பதே போதுமான தொண்டாகும். ஆனால் போர் விட்டுச்சென்ற வெடிபொருள்கள் இன்னும் முற்றாக அகற்றப்படாத இந்நிலத்தில், விண்கல்லைப் போலத் தோன்றினும், இனந்தெரியாத கரிய பொருளெதனையும் தொடாது, முதலில் உரியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.