காட்டாறு வற்றாத ஆறான கதை

மஞ்சவாடிக் கணவாயில் பெய்கிற மழைக்கு இரண்டு வழி. வடபக்கம் விழுந்தது பாப்பிரெட்டிப்பட்டிக்கு இறங்கி, வாணியாற்றோடு போய், தென்பெண்ணையில் கலந்து, கடலூரில் கடலைப் பார்க்கும். தென்பக்கம் விழுந்தது சேலத்துக்கு வரும். சேலத்திலிருந்து அரூர் போகிற பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தப் பாகப்பிரிவினை நடப்பது தெரியாது. தென்பக்கத்துப் பங்குக்குப் பெயர் திருமணிமுத்தாறு.

தமிழ்நாட்டில் மணிமுத்தாறுகளுக்குப் பஞ்சமில்லை. தாமிரபரணிக்கு ஒன்று இருக்கிறது, விருத்தாசலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளாற்றுக்குப் போவது ஒன்று. எங்கள் ஆற்றுக்கு மட்டும் முன்னால் 'திரு' ஒட்டியிருக்கிறது. இதில் விளைந்த முத்துதான் மதுரை மீனாட்சியின் மூக்குத்தியில் இருக்கிறது என்று சேலத்தில் ஒரு பேச்சு உண்டு. ஆற்றுச் சிப்பியிலும் முத்து விளையும், அதனால் பேச்சை அடியோடு தள்ளிவிட முடியாது. ஆனால் இன்றைக்கு அந்த ஆற்றில் இறங்கிச் சிப்பி தேட யாரையும் நான் அனுப்ப மாட்டேன்.

சேர்வராயன் மலையின் உச்சி 1,623 மீட்டர் உயரம். சேலம் நகரம் கிடப்பது 280 மீட்டருக்குப் பக்கத்தில். மலைக்கும் ஊருக்கும் நடுவே அதிக இடம் கிடையாது. அதனால் ஏற்காட்டுப் பக்கம் சாயங்காலம் இடி இடித்து ஊற்றினால் ராத்திரிக்குள் தண்ணீர் சேலத்துத் தெருவுக்கு வந்துவிடும். பழைய ஆட்கள் இதைத் தெரிந்துதான் மலையடிவாரத்திலிருந்தே ஏரிகளை வைத்தார்கள். கன்னங்குறிச்சி மூக்கனேரி மலையோடைகளை வாங்கி நிறைத்துக்கொண்டு மிச்சத்தை ஆற்றுக்கு விடும். அம்மாபேட்டையிலும் குமரகிரி அடியிலும் ஏரிகள் இருந்தன. ஒரு ஏரி நிரம்பினால் அடுத்ததற்கு, அதுவும் நிரம்பினால் ஆற்றுக்கு என்று இருந்தது கணக்கு. இப்போது சில ஏரிகள் பெயரளவில் இருக்கின்றன, சிலவற்றின் மேல் வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டுக்காரர்கள்தான் மழைக்காலத்தில் கட்டில் மேல் அடுப்பை ஏற்றி வைக்கிறார்கள்.

ஊருக்குள் ஆறு வருகிற வழியில் அணைமேடு என்று ஒரு இடம். ஒரு காலத்தில் அணை இருந்ததைப் பெயர் மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் கோட்டைப் பகுதி. சுகவனேசுவரர் கோயிலும் கோட்டை மாரியம்மன் கோயிலும் ஆற்றைப் பார்த்துத்தான் வளர்ந்தன. ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்க வரும் கூட்டத்தில் பாதிப்பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடக்கிறார்கள். அம்மனுக்கு அந்த வசதி இல்லை.

இந்த ஆற்றின் கதையில் எல்லாரும் சொல்வது, 'நல்ல ஆறு சாக்கடையாகிவிட்டது' என்பது. அது உண்மை, ஆனால் பாதி உண்மை. சாக்கடை ஆவதற்கு ஆண்டு முழுக்க ஓடத் தண்ணீர் வேண்டும். இதுவோ காட்டாறு. மழை பெய்தால் ஓடும், இல்லாவிட்டால் மணலாகக் கிடக்கும். சித்திரை வெயிலிலும் கறுப்பாக ஓடிக்கொண்டிருக்கும் இத்தனை தண்ணீர் எங்கிருந்து வந்தது?

மேட்டூரிலிருந்து வந்தது. சேலம் நகராட்சியானது 1866இல். ஊர் பெருத்தபோது 1911இல் பனமரத்துப்பட்டி ஏரியைக் கட்டி அதிலிருந்து குடித்தார்கள். 1934இல் மேட்டூர் அணை எழுந்தது. பிறகு பனமரத்துப்பட்டி போதாமல் காவிரியைக் குழாயில் கொண்டுவந்தார்கள். 1994இல் மாநகராட்சியும் ஆனது. மேட்டூர் தொட்டில்பட்டியில் ஏற்றிவிடும் தண்ணீர் சேலத்து மாடித் தொட்டிகளுக்குப் போய், குளிப்பாட்டி, துவைத்து, பாத்திரம் கழுவி, சாயத்தொட்டியில் நூலை நனைத்து, வெள்ளிக் கொலுசுப் பட்டறையைக் கழுவி, சந்துச் சாக்கடைக்கு வரும். சாக்கடை பள்ளத்தைத் தேடும். சேலத்தில் பள்ளம் என்றால் ஆறு. ஆக, கோடையில் திருமணிமுத்தாற்றில் ஓடுவதில் சேர்வராயன் மலை கொடுத்தது கொஞ்சம்கூட இல்லை. ஓடுவது ஒருமுறை பயன்படுத்திய காவிரி. எங்கள் காட்டாற்றை வற்றாத ஆறாக்கியது சேலம் நகரம்தான்.

மேட்டூரில் பிரிந்த இரண்டு தண்ணீரில் ஒன்று பவானி, ஈரோடு, ஜேடர்பாளையம் என்று ஆற்றோடு போகிறது. மற்றது சேலம் வழியாகச் சுற்றிப் போகிறது. இரண்டும் பரமத்தி வேலூருக்குக் கிழக்கே மறுபடி சந்திக்கின்றன. சுற்றிப் போகிற தண்ணீரின் பின்னாலேயே ஒருநாள் மோட்டார் சைக்கிளில் போனேன்.

சேலத்தை விட்டு வெளியேறியதும் உத்தமசோழபுரம். கரபுரநாதர் கோயில் ஆற்றங்கரையில் இருக்கிறது. இங்கே லிங்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். குணசீலன் என்ற சிறுவன் கொண்டுவந்த மாலை எட்டவில்லை என்று சுவாமி தலையைச் சாய்த்துக் கொடுத்தாராம். பாரி மகளிர் அங்கவை, சங்கவை கல்யாணத்தை மூவேந்தரையும் வரவழைத்து ஔவையார் நடத்திவைத்ததும் இதே ஊரில்தான் என்பார்கள். இந்த ஆற்றங்கரையில் ஐந்து சிவன் கோயில்களை ஒரு வரிசையாகச் சொல்வது வழக்கம்: சேலம் சுகவனேசுவரர், இங்கே கரபுரநாதர், பில்லூர் வீரட்டேசுவரர், மாவுரெட்டிப்பட்டி பீமேசுவரர், நஞ்சை இடையாறு திருவேலீசுவரர். சிவராத்திரியன்று ஐந்தையும் பார்த்துவிட வேண்டும் என்று வேன் பிடித்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆற்றின் நீளத்துக்கும் ஒரு வரைபடம் வேண்டுமானால் அரசாங்கத்தைக் கேட்க வேண்டாம், இந்த வேன் டிரைவரைக் கேட்டால் போதும்.

ஆட்டையாம்பட்டிப் பக்கம் வரும்போது கைமுறுக்கு வேகும் வாசனை வந்தது. ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஆற்று வாசனை அதை வென்றது. விசைத்தறிச் சத்தம் மட்டும் இரண்டுக்கும் பொதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இதோடு சேலம் மாவட்டம் முடிந்து நாமக்கல் தொடங்குகிறது. 1997 ஜனவரி 1 வரை எல்லாம் ஒரே மாவட்டம். அதன்பின் அழுக்கு ஒரு கலெக்டருடையது, அதை வாங்கிக்கொள்கிற வயல் இன்னொரு கலெக்டருடையது என்றாகிவிட்டது.

வெண்ணந்தூர்ப் பக்கத்து மதியம்பட்டியில் பாலத்தருகே நின்றேன். முந்தின நாள் மழை. ஆறு தெரியவில்லை, நுரைதான் தெரிந்தது. ஆள் உயரத்துக்கு வெள்ளையாக எழும்பி, பாலத்தின் விளிம்பில் தொங்கி, காற்று அடிக்கும்போது பிய்ந்து சாலைக்குப் பறந்தது. ஒரு துண்டு என் வண்டியின் பெட்ரோல் டாங்கில் உட்கார்ந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். துணி சோப்பு போல வழுவழுப்பு, காய்ந்த பிறகு விரலில் ஒரு நீலக் கோடு. சோப்பும் சாயமும் கலந்த தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்தில் விழும்போது காற்று உள்ளே புகுந்து நுரைக்கிறது, மோர் கடைகிற மாதிரி. மழை நாளில் அதிகம் நுரைப்பதற்கு, தேங்கிக் கிடந்த சாக்கடையை மழை மொத்தமாக அடித்துக்கொண்டு வருவது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பக்கத்தில் நின்ற பெரியவர் சொன்னார். "மழை வந்தாப் போதுமுங்க, தேக்கி வெச்சதெல்லாம் தெறந்து உட்ருவாங்க. மழை மேல பழி போயிருமல்லங்க."

அவரிடம், இந்தத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சுவீர்களா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேற எந்த ஆத்துல தண்ணி வருதுன்னு சொல்லுங்க, அதைப் பாய்ச்சிக்கறேன்."

இந்தப் பதில் எனக்குப் புதிதல்ல. என் அம்மாவின் ஊர் மல்லசமுத்திரம் பக்கம், ஆற்றோரக் காடு. அம்மாவைப் பெற்ற அப்புச்சி மாடு பூட்டிக் கவலை ஓட்டிய காலத்தில் கிணற்றில் பத்து முழத்தில் தண்ணீர். கோடையில் ஆற்று மணலில் கொட்டாங்குச்சியால் ஊற்றுத் தோண்டினால் பாட்டியின் குடம் நிறையும். "ஆத்துல தண்ணி மூணு மாசம், மணலு ஒம்போது மாசம் கண்ணு. ஆறு மணலுக்குள்ளதான் குடியிருக்குது" என்பார் பாட்டி. மணலை லாரிகள் கொண்டுபோயின. அப்புறம் ஆற்றுக்குக் குடியிருக்க வீடில்லை. இந்தச் சீமையில் கிணறுகள் வற்றியபோதுதான் பக்கத்துத் திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள் பெருகி, இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடப் போயின. தண்ணீருக்குத் தவித்த ஊர் ஊருக்கெல்லாம் தண்ணீர் தோண்டிக் கொடுத்தது.

இன்று அதே காட்டில் மாமா தென்னை வைத்திருக்கிறார். கிணற்றுத் தண்ணீர் சேந்தி வைத்தால் காலையில் மேலே எண்ணெய்ப் படலம் படிகிறது. குடிக்க முடியாது. ஆனால் கிணறு வற்றுவதில்லை, பக்கத்தில் ஆறு ஓடிக்கொண்டே இருப்பதால். மேட்டுக்காட்டுக்காரர்கள் அதைப் பொறாமையோடு பார்க்கிறார்கள். ஆற்றுக்குச் சாக்கடை வராமல் நிறுத்தினால் மாமா சந்தோஷப்படுவாரா? ஒருமுறை கேட்டேன். "சுத்தம் பண்ணி உடச் சொல்லு மாப்ளே. நிறுத்தச் சொல்லாதே" என்றார். இந்த ஆற்றைப் பற்றி நான் கேட்டதிலேயே விவரமான பேச்சு இதுதான்.

மேட்டூர் உபரி நீரைச் சரபங்கா, திருமணிமுத்தாறு, அய்யாறு வழியாகத் திருப்பிவிட வேண்டும் என்று இந்தப் பக்கத்து விவசாயிகள் பல காலமாகக் கேட்கிறார்கள். 2021இல் சரபங்கா வடிநிலத்தின் வறண்ட ஏரிகளுக்கு மேட்டூர் உபரி நீரை ஏற்றும் திட்டம் தொடங்கியது. எங்கள் ஆற்றுக்கு அந்த வாய்ப்பு இன்னும் வரவில்லை. மேட்டூர் தண்ணீர் ஏற்கெனவே இதில் ஓடுகிறது என்பதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சாக்கடையான ஆற்றை மீட்டவர்களும் உண்டு. ஜெர்மனியில் எம்ஷர் என்று ஒரு சின்ன ஆறு, எண்பது கிலோமீட்டர் சொச்சம். ரூர் நிலக்கரிச் சுரங்கங்களின் நடுவே ஓடியது. சுரங்கம் தோண்டத் தோண்ட மேலே நிலம் அமிழ்ந்ததால் புதைச் சாக்கடை போட முடியவில்லை. அதனால் ஆற்றையே கான்கிரீட் வாய்க்காலாக்கி, ஊர்களின் கழிவையெல்லாம் அதில் விட்டார்கள். அதை நிர்வகிக்கவே 1899இல் ஆற்றோர ஊர்கள், சுரங்கங்கள், ஆலைகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தன. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வந்தபோது 1992இல் தொடங்கி, பூமிக்கடியில் தனிக் குழாய் போட்டு, 2021 முடிவில் ஆற்றைக் கழிவிலிருந்து பிரித்துவிட்டார்கள். செலவு 500 கோடி யூரோவுக்கு மேல். நம் பக்கம் வரிசை தலைகீழ்: ஆற்றுக்கு இருபுறமும் சுவர் எழும்புகிறது, உள்ளே ஓடுவது பழையபடி ஓடுகிறது. பணத்தைவிட என்னைப் பொறாமைப்பட வைத்தது, அழுக்காக்கியவனும் அழுக்கை வாங்கியவனும் ஒரே சங்கத்தில் உட்கார்ந்த அந்த 1899.

பயணத்துக்குத் திரும்பினால், மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே ஆறு கொஞ்சம் மாறுகிறது. நுரை குறைகிறது. ஆகாயத்தாமரையும் நாணலும் தடுப்பணைகளில் அழுக்கை வடிகட்டுகின்றன, வெயிலும் காற்றும் தம் பங்குக்குச் செய்கின்றன. பில்லூரில் நிறம் கறுப்பிலிருந்து தேநீராகிவிட்டது. மாவுரெட்டிப்பட்டியில் எருமைகள் உள்ளே கிடந்தன. பார்த்தால் ஆறு மாதிரியே இருந்தது.

பரமத்திக்கு அப்புறம் நாடே வேறு. ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் ராஜா வாய்க்கால் இங்கே பாய்கிறது. அல்லாள இளைய நாயகர் வெட்டியது என்று பரமத்தி வேலூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். வாழை, கோரை, அகத்தி மேல் ஏறிய வெற்றிலைக் கொடிக்கால். கொடிக்காலுக்குள் நுழைந்தால் நண்பகலிலும் சாயங்காலம் மாதிரி இருக்கும், காலடியில் மண் குளிரும். வெற்றிலை கிள்ளும் பெண்ணிடம் திருமணிமுத்தாறு எங்கே என்றேன். "அந்தச் சாயத்தண்ணிப் பள்ளமுங்களா?" என்று கை காட்டினார். நூறு கிலோமீட்டர் தள்ளி எங்கோ பிறந்த ஆற்றுக்குக் கடைசியில் கிடைத்த பெயர்.

நஞ்சை இடையாற்றில் ஆறு காவிரியில் சேருகிறது. மாரியம்மனுக்குப் பூ மிதிக்கப் பெருங்கூட்டம் கூடும் ஊர். நான் போனபோது ஒருவருமில்லை. காவிரி அகலமாக, வெளிர் பச்சையாக, மறுகரையில் கரூர் மாவட்டத்துத் தென்னைகள் தெரிய ஓடிக்கொண்டிருந்தது. நம் தண்ணீர் ஓரமாக நுழைந்தது. உடனே கலக்கவில்லை. கரையோரம் ஒரு பழுப்புப் பட்டையாகக் கொஞ்ச தூரம் தனியே போய், ஒரு மணல் திட்டைச் சுற்றியபின்தான் அடையாளம் தெரியாமல் போனது.

கரையோடு இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் மோகனூர். ஆற்றுக்குள் கிணறு இறக்கி, மோட்டார் வைத்து, இங்கிருந்துதான் நாமக்கல்லுக்குக் குடிதண்ணீர் ஏற்றுகிறார்கள். நான் திரும்பும்போது இருட்டிவிட்டது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.