நுரையீரல் புற்றுநோய்க் கதிர்வீச்சில் அசைவு மேலாண்மை

மூச்சோடு சேர்ந்து நகரும் நுரையீரல் கட்டியின் மீது கதிர் பிசகாமல் விழச் செய்யும் முறைகளே அசைவு மேலாண்மை எனப்படுகின்றன. உதரவிதானம் நான்கைந்து நொடிக்கு ஒருமுறை இறங்கி ஏறுகிறது. கட்டியும் கூடவே போய்வருகிறது. எவ்வளவு தூரம்? ஜப்பானின் சப்போரோ நகரில், ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஹிரோகி ஷிராட்டோவின் குழு இதை அளந்தது. கட்டியிலோ அருகிலோ 2 மி.மீ. தங்க மணியைப் பதித்து, சிகிச்சை நடக்கும்போதே எக்ஸ்ரே மூலம் நொடிக்கு 30 முறை அதைப் பார்த்தார்கள். நெதர்லாந்து ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு: நுரையீரலின் கீழ்மடலில் எலும்பு போன்றவற்றோடு ஒட்டாத கட்டிகள் மேலும் கீழுமாகச் சராசரி 12 மி.மீ. நகர்ந்தன. மேல்மடலில் அசைவு சொற்பம். பாதி நோயாளிகளிடம், மூச்சை இழுக்கும்போது கட்டி போன பாதை வேறு, விடும்போது திரும்பிய பாதை வேறு.

இந்த மில்லிமீட்டர்கள் அலட்சியப்படுத்தக்கூடியவை அல்ல. அறுவை சிகிச்சை செய்ய இயலாத தொடக்கநிலை நோயாளிகளுக்கு மூன்றே அமர்வுகளில் 54 கிரே (கதிர் அளவின் அலகு) கொடுத்த அமெரிக்க ஆய்வு ஒன்றின் முடிவு 2010இல் வெளிவந்தது. மூன்றாண்டுகளுக்குப் பிறகும் 97.6 விழுக்காடு கட்டிகள் அடங்கியே இருந்தன. அவ்வளவு வீரியமான கதிர் இடம் தவறினால் வேகப்போவது நல்ல நுரையீரல்.

பரவலாகக் கையாளப்படுவது, நாற்பரிமாண சி.டி. ஸ்கேனில் ஒரு மூச்சைப் பத்துக் கட்டங்களாகப் பிரித்துப் பார்த்து, கட்டி போய்வரும் இடம் முழுவதையும் இலக்காகக் கொள்வது. எளிது, ஆனால் நல்ல திசுவும் கூடுதலாகக் கதிர் வாங்கும். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ப்ளோம்கிரெனும் லாக்ஸும் 1990களில் நோயாளியைச் சட்டகத்தில் கிடத்தி, வயிற்றை அழுத்தி மூச்சின் வீச்சைக் குறைத்தனர். மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்வதும் உண்டு. புகையால் நுரையீரல் பழுதானவரிடம் அதைக் கேட்பது கொஞ்சம் கொடுமைதான்.

இன்னொரு வழி, மூச்சு வெளியேறி முடியும் தருணத்தில் மட்டும் கதிரைத் திறப்பது. அப்போது நுரையீரல் சற்றே நிலைத்து நிற்கும். சிகிச்சை நேரம் நீளும் என்பதைவிடப் பெரிய சிக்கல், பல கருவிகள் கவனிப்பது வயிற்றின் ஏற்ற இறக்கத்தை. வயிறு சொல்வதைக் கட்டி எப்போதும் கேட்பதில்லை. ஸ்டான்ஃபோர்டில் ஜான் ஆட்லர் உருவாக்கிய சைபர்நைஃபின் ரோபோ கை கட்டியையே துரத்துகிறது. அதற்கும் சிறு தாமதம் உண்டு என்பதால், அடுத்த நொடித்துளியில் கட்டி எங்கே இருக்கும் என்று முன்கணித்தே நகர்கிறது.

எல்லோருக்கும் இத்தனை ஏற்பாடு தேவையில்லை. கட்டி 5 மி.மீ.க்கு மேல் அசைந்தால் அதைக் கட்டுப்படுத்தும் வழியைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2006இல் பரிந்துரைத்தது.